ஆளொழிந்த இடத்துப் பறவைகள்

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் மகளும் நானும் இல்-பிசார் தீவுக்கு நடக்கப் போயிருந்தோம். மொன்றியலும் ஒரு தீவுதான் என்பதை அங்கே இருக்கிற எங்களில் பலர் மறந்துவிட்டோம். அதன் வடமேற்கு ஓரத்தில், சின்னப் பாலம் ஒன்றைக் கடந்தால் வருவது இல்-பிசார். 1678இல் பிரெஞ்சு ஆளுநர் ஒருவர் சுவிற்சர்லாந்தில் பிறந்த பிசார் என்ற அதிகாரிக்கு இந்தத் தீவை மானியமாகக் கொடுத்தார். அந்தப் பெயர் தங்கிவிட்டது. இப்போது தீவின் ஒரு பகுதி வீடுகள், ஒரு பகுதி கோல்ஃப் மைதானங்கள், மிச்சத்தில் 200 ஹெக்டேயர் அளவுக்குக் காடும் சதுப்பும் நகரத்தின் இயற்கைப் பூங்காவாக இருக்கின்றன.

டொலார் முருகன் கோயிலில் பூசை முடிந்து வந்திருந்ததால் நெற்றியில் திருநீறு. காரை விட்டு இறங்கியதும் காற்று அதை ஊதித் தள்ளிவிட்டது. ஏரிப் பக்கமிருந்து, மேற்கிலிருந்து, நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தது.

"கச்சான் காத்து" என்றேன்.

"கச்சான் எண்டா வறுத்துத் தின்னுறதெல்லோ, அப்பா?"

மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து சோளகம், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை என்று நான் பாடம் எடுக்கத் தொடங்கினேன். அவள் சிரித்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிக்கிறாள். காற்றுக்கு நாலு பெயர் வைத்திருக்கும் ஆட்கள் இங்கே வந்து காற்றையே கவனிக்காமல் இருக்கிறார்கள் என்று அவள் சொன்னது நியாயம்தான். பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த பதினொரு வருடமும் எனக்குக் காற்று என்றால் பஸ் நிறுத்தத்தில் காதைக் கடிப்பது மட்டுமே.

சதுப்பின் மேலே பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சம்புப் புல் ஆள் உயரத்துக்கு நின்று காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. தோளில் சிவப்புப் பட்டை போட்ட கருங்குருவிகள் சம்புத் தண்டை இறுகப் பிடித்தபடி ஊஞ்சலாடின. கூடு கட்டியிருக்கும் காலம் இது. பக்கத்தில் போனால் தலைக்கு மேல் வந்து கொத்தப் பார்க்கும். எனக்கு இரண்டு தரம் குனிய வேண்டி வந்தது. விழுந்து கிடந்த மரமொன்றில் ஆறு ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. கழுத்தில் மஞ்சள் கோடு. ஆறாவது ஆமைக்கு இடம் போதாமல் ஐந்தாவதன் மேல் பாதி ஏறி இருந்தது. பூனகரி பஸ்ஸில் நாங்கள் இருந்தது போல. கனடா வாத்து இரண்டு, நடுவில் மஞ்சள் பஞ்சாக ஏழு குஞ்சுகள். அந்தக் குஞ்சுகள் காற்றில் பின்னுக்குப் போய்ப் போய் முன்னுக்கு வந்தன.

காட்டைத் தாண்டி ஏரிக்கரை முனைக்கு வந்தபோது இரண்டு மலைகளின் ஏரி கடல் மாதிரி வெள்ளை அடித்துக்கொண்டிருந்தது. கரையோரக் கல்லொன்றில் பெரிய நீல நாரை நின்றது. காற்று அதன் கழுத்து இறகுகளைப் பிரித்துப் பார்த்தது. அது அசையவில்லை. பத்து நிமிடம் நாங்களும் அசையாமல் நின்றோம். பிறகு அதன் கழுத்து ஒருமுறை போய் வந்தது. அலகில் மீன். அதை விழுங்கிவிட்டு, பழையபடி நிற்கத் தொடங்கியது.

"எவ்வளவு வடிவு!" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப, அண்டைக்கு நான் இதைச் சொன்னதுக்கு ஏன் கோவிச்சனீங்கள்?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது.

என்னுடைய மாமி, தாய்மாமன் மனைவி, மயிலிட்டியைச் சேர்ந்தவர். நான் வளர்ந்தது வட்டுக்கோட்டையில் என்றாலும் பள்ளி விடுமுறை எல்லாம் மயிலிட்டியில்தான். வடக்கின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று அது. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு முழுவதும் எழும்பி ஓடியபோது மாமி ஒரு உரப்பையும் இரண்டு பிள்ளைகளுமாக வெளியேறினார். அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆகியது. போர் 2009இல் முடிந்த பிறகும் திறக்கவில்லை. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். ஆட்கள் வழக்குக்குப் போனார்கள். 2017 ஆடியில்தான் மயிலிட்டித் துறைமுகம் திறந்தது. பிறகு ஊரும் துண்டு துண்டாக. மாமியின் மகன், என் மச்சான், வேலையில் லீவு எடுத்துக்கொண்டு போய் வளவைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தான். கூரை இல்லாத வீடு. குசினி இருந்த இடத்தில் ஆலமரமோ அரசமரமோ சுவரைப் பிளந்துகொண்டு நிற்கிறது. முன்சுவரின் உச்சியில், தோகை கீழே தொங்க, ஒரு மயில்.

ஊரின் பெயரிலேயே மயில் இருக்கிறது. ஆனால் என் சின்ன வயதில் நான் அங்கே ஒரு மயிலையும் கண்டதில்லை. ஆட்கள் போன பிறகுதான் பெயருக்கு உரியது வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மகள் "எவ்வளவு வடிவு" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. அது உன்னுடைய ஆச்சியின் குசினி, படம் பார்க்கிற இடம் இல்லை என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு அந்தக் கதை வீட்டில் வரவில்லை, இந்த ஏரிக்கரை வரைக்கும்.

கேள்வி சின்னது போலத் தெரிந்தாலும் எனக்கு அது சின்னதாக இல்லை. ஆட்களைக் கலைத்த இடத்தில் பறவைகள் வந்திருந்தால் அந்தப் பறவைகளைப் பார்த்து நாங்கள் மகிழலாமா? மகிழ்ந்தால் அந்தக் கலைப்புக்கு நாங்களும் கொஞ்சம் கையெழுத்து வைத்தவர்கள் ஆகிறோமா?

ஏரியின் மேற்கே மங்கலாகக் குன்றுகள் தெரிந்தன. அது ஓகாப் பக்கம். அங்கேதான் கனசட்டாகே என்கிற மோஹாக் மக்களின் ஊர் இருக்கிறது. நான் மொன்றியலுக்கு வந்தது 1990 சித்திரையில். கோட்-டெ-நேஷில் ஒரு அறையில் ஐந்து பேர். அந்தக் கோடை முழுவதும் தொலைக்காட்சியில் பைன் காடும் தடையரணும் முகமூடி போட்ட இளைஞர்களும் பட்டாளமும்தான். எங்களில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. படத்தைப் பார்த்துக் கதை கட்டினோம். "இங்கையுமா?" என்று ஒருவன் கேட்டான். பிறகுதான் விளங்கியது: ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தைப் பதினெட்டுக் குழி ஆக்குவதற்காக, மோஹாக் மக்கள் தங்களுடையது என்று சொல்கிற காட்டையும் புதைகுழிகளின் ஓரத்தையும் வெட்டப் போனார்கள், அவர்கள் மறித்தார்கள். ஆடி 11ஆம் திகதி பொலிஸ் உள்ளே போனது, ஒரு பொலிஸ்காரர் செத்தார். 78 நாள் நீடித்து புரட்டாதி 26இல் முடிந்தது. மைதானம் பெருப்பிக்கப்படவில்லை. அந்த நிலத்தின் மூல வழக்கு, 1717இல் பிரெஞ்சு மன்னர் அதை ஒரு குருமார் சபைக்குக் கொடுத்த நாளிலிருந்து வருவது.

அதே ஆடி மாதத்தில்தான் மயிலிட்டி விட்டுப்போன செய்தியோடு மாமியின் கடிதம் வந்தது. ஒரு கையில் கடிதம், முன்னால் தொலைக்காட்சி. இரண்டுக்கும் ஏதோ தொடுப்பு இருக்கிறது என்று தெரிந்தது. அதை யோசிக்க நேரம் இருக்கவில்லை. அகதி விசாரணைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. இந்த நாட்டில் நிலம் யாருடையது என்று கேட்பதற்கு அது நல்ல நேரம் அல்ல.

அந்தக் கேள்வியை எனக்குச் சரியாகக் கேட்டது ஃபொரிலோன். கியூபெக்கின் கிழக்கு முனையில், காஸ்பே குடாநாட்டின் நுனியில் உள்ள தேசியப் பூங்கா. 2012 கோடையில் குடும்பமாகப் போனோம். மகள் அப்போது சின்னப் பிள்ளை. காஸ்பே முனைக்குப் போகிற பாதை முழுவதும் கடற்காற்று. நடக்கிறவர் பேசினால் பின்னால் வருகிறவருக்குக் கேட்காது. கீழே பாறையில் கடல்நாய்கள் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்தன. மலைமுகத்தில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள். தூரத்தில் திமிங்கிலம் மூச்சுவிட்ட நீராவியைக் கண்டு நாங்கள் எல்லோரும் சத்தம் போட்டோம். முள்ளம்பன்றி ஒன்று பாதையை அவசரமில்லாமல் கடந்தது. அப்படி ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வாய்க்கவில்லை.

திரும்பும்போது வழியில் பழைய மீனவர் வீடொன்றைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். கருவாடு காயவைக்கிற தட்டிகள்கூட இருந்தன. பழைய உடுப்பு உடுத்த ஒரு பெண் மீனவர் வாழ்க்கையை விளக்கினார். எனக்கு மயிலிட்டிக் கடற்கரை நினைவில் வந்ததால், இந்த ஆட்கள் எப்போது போனார்கள், ஏன் போனார்கள் என்று கேட்டேன். மீன் இல்லாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். அவர் குரலைக் கொஞ்சம் தணித்து, 1970இல் என்றார். பூங்கா அமைப்பதற்காக 225 குடும்பங்களை எழுப்பினார்கள். பல வீடுகளை எரித்தார்கள். பிறகு, மனிதனும் நிலமும் கடலும் இசைந்து வாழ்வதுதான் இந்தப் பூங்காவின் கருப்பொருள் என்று எழுதி வைத்தார்கள். 2011இல் கனடிய நாடாளுமன்றம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. எழுப்பப்பட்டவர்களுக்கும் அவர்களது சந்ததிக்கும் இலவச நுழைவு அட்டை கொடுத்திருக்கிறார்கள். தன் பாட்டனின் கல்லறையைப் பார்க்கப் போகிறவன் வாசலில் அட்டை காட்டுகிறான்.

காரில் திரும்பும்போது நான் ஒன்றும் கதைக்கவில்லை. திமிங்கிலத்தைக் கண்ட மகிழ்ச்சி கெட்டுப்போகவில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. கெட்டுப்போயிருந்தால் நான் நல்ல மனிதன் என்று ஆறியிருக்கலாம்.

இதையெல்லாம் இல்-பிசார் கரையில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மகளுக்குச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, பறவைக்கு வழக்குப் போடேலாது" என்றாள்.

அவளுடைய வாதம் இது. மனிதர் இல்லாத இடம் எது கிடைத்தாலும் விலங்குகள் அதை எடுத்துக்கொள்ளும். கொரியாவை இரண்டாகப் பிரிக்கிற வலயம், 250 கிலோமீற்றர் நீளமும் நாலு கிலோமீற்றர் அகலமும், 1953 முதல் ஆள் நடமாட்டம் இல்லை. உலகத்தில் அருகிப்போன செந்தலைக் கொக்குகள் அங்கே மாரி கழிக்கின்றன. 1986இல் வெடித்த செர்னோபிலைச் சுற்றி ஓநாய்கள் பெருகிவிட்டன. போர் நல்லது, அணுக்கசிவு நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களை விட்டால் போதும், அவை பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் அதில் தெரிகிறது. "நீங்கள் மயிலிட்டியில இருந்தபோது குருவிகளுக்கு என்ன செய்தனீங்கள்?"

நான் கெற்றப்போல் அடித்தேன். அதை அவளுக்கு முன்பு நானே வீரக்கதையாகச் சொல்லியிருக்கிறேன். புலுனி, மைனா, ஒருமுறை ஒரு செண்பகம். கடலாமையின் இறைச்சி சந்தையில் விற்ற காலத்தை என் தகப்பனார் நாக்கைச் சப்புக்கொட்டிச் சொல்லுவார். எங்கள் ஊர் பறவைகளுக்குச் சொர்க்கமாக இருந்தது என்று நான் எழுதினால் அது பொய். மனிதருக்கும் அது ஒரே மாதிரி ஊராக இருக்கவில்லை. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று இருந்தது. வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களில் காணி பூமி உள்ளவர்களும் வெளிநாட்டில் பிள்ளை உள்ளவர்களும் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்கள் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் தகரத்துக்குக் கீழே இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இருந்தார்கள். அந்த முகாமில் பிறந்து அங்கேயே கலியாணம் கட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், முள்ளுக்கம்பிக்கு அப்பால், மயில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் அதை வடிவு என்று சொன்னார்களா என்று தெரியாது. சொல்லியிருந்தால் அந்தச் சொல்லை நான் மதிப்பேன்.

மகளின் வாதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அது பாதிதான். பறவைக்கு வழக்குப் போட முடியாது, சரி. பறவையைச் சாட்சியாகக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்களே? இதற்கு நான் வில்பத்துவைச் சொன்னேன். சொல்லத் தொடங்கும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. ஏனென்றால் அது எங்கள் ஆட்கள் சம்பந்தப்பட்ட கதை.

1990 ஐப்பசியில், மயிலிட்டி வெறுமையாகி நாலு மாதத்தில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம், மற்ற இடங்களில் சில நாட்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னாரின் தெற்கே முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி என்று பழைய ஊர்கள் இருந்தன. அவர்கள் புத்தளத்துக்குப் போய் உப்புக்களிகளின் ஓரத்தில் ஓலைக்கொட்டிலில் இருபது வருடம் இருந்தார்கள். ஊரில் காடு வளர்ந்தது. வயலில் வீரை மரமும் பாலை மரமும். அதற்குத் தெற்கே வில்பத்து தேசியப் பூங்கா. சிறுத்தைகளும், வில்லு என்று சொல்லுகிற குளங்களில் பறவைகளும் உள்ள இடம். 2009க்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தபோது பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் இருந்தன. 2012இல் வந்த வர்த்தமானி ஒன்று அந்த நிலங்களில் ஒரு பகுதியை ஒதுக்குக் காடு என்று அறிவித்தது. நிலத்தை வந்து பார்க்காமல் கோடு கீறினார்கள் என்பது ஊரவர்களின் முறைப்பாடு. அவர்கள் காட்டை வெட்டி வீடு கட்டினார்கள். 2015இல் தெற்கில் பெரிய கூச்சல் எழும்பியது: முஸ்லிம்கள் வில்பத்துவை அழிக்கிறார்கள், சிறுத்தைக்கு இடமில்லை. அந்தக் கூச்சலில் உண்மையாகவே காட்டை நேசித்தவர்கள் இருந்தார்கள். காட்டைப் பற்றி வாழ்க்கையில் ஒருநாளும் கவலைப்படாத, முஸ்லிம்களைப் பிடிக்காத ஆட்களும் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே சுலோக அட்டையைப் பிடித்தார்கள். 2020 கார்த்திகையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்பகுதியில் நடந்த காடழிப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்லி, மரம் நட்டு மீட்கச் சொன்னது.

சட்டம் தன் அளவில் சரியாக இருக்கலாம். அங்கே வெட்டியதெல்லாம் திரும்பி வந்தவர்களின் வளவுதான் என்று நான் வாதாட வரவில்லை. குடியேற்றம் என்ற பெயரில் அளவுக்கு மிஞ்சியும் வெட்டியிருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. ஒருவனை வீட்டை விட்டு விரட்டி, அவன் இல்லாத இருபது வருடத்தில் முளைத்த மரத்தைக் காட்டி, பார், உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பது. அவன் இல்லாமை அவனுக்கு எதிரான உறுதிப் பத்திரம் ஆகிறது. அந்தப் பத்திரத்தில் சிறுத்தையின் பாதம் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கிறது. சிறுத்தைக்கு அது தெரியாது.

நாங்கள் என்ன செய்தோம்? 2015இல் மொன்றியலில் ஒரு கூட்டத்தில் இந்தக் கதை வந்தபோது "அது அவையளின்ர பிரச்சினை" என்று ஒருவர் சொன்னார். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயத்தைப் பற்றி அதே கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசினேன். மயில் ஏறி நின்ற சுவரைக் கண்டு கோபப்படுகிற எனக்கு, மறிச்சுக்கட்டியில் வீரை மரம் ஏறி நின்ற சுவர் அன்று ஞாபகம் வரவில்லை.

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நாரை பறந்து போயிருந்தது. போன திசையைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

"அப்ப, பாக்கலாம். ஆனா ஆர் இல்லாததால இது இருக்குதெண்டு தெரிஞ்சுகொண்டு பாக்கவேணும். அதுதானே சொல்லுறீங்கள்?"

கிட்டத்தட்ட அதுதான். தெரிந்துகொள்வது மட்டும் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஃபொரிலோனில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள், மாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிறார்கள். அறிந்துகொண்டு மகிழ்கிறவன், திரும்பி வருகிறவன் வாசலில் நிற்கும்போது விலகி வழிவிட வேண்டும். தன் மகிழ்ச்சியில் கொஞ்சம் குறைந்தாலும் விட வேண்டும். மயில் பறந்தாலும் விட வேண்டும். இதை நான் மயிலிட்டிக்குச் சொல்லத் தயார், மறிச்சுக்கட்டிக்கும் சொல்ல வேண்டும். கனசட்டாகேக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கிறதா? இல்-பிசாருக்கு? இந்தக் கரையைக் கலைத்தவன் நான் அல்ல. கலைத்தவர்களிடமிருந்து குடியுரிமை வாங்கியவன். அந்தக் குடியுரிமை என் உயிரைக் காப்பாற்றியது. இந்த இடத்தில் என் வாதம் நொண்டுகிறது என்று எனக்குத் தெரியும்.

ஆட்களும் பறவைகளும் ஒன்றாக இருக்கவே முடியாது என்ற எண்ணத்தை மட்டும் நான் அவளிடம் விட்டுக்கொடுக்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. ஏரி நடுவே கடம்ப மரங்களில் ஆயிரக்கணக்கான நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊரவர்கள் கண்டுகொண்டு, தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் சுடக்கூடாது என்று எழுத்தில் வாங்கினார்கள். உரத்துக்காகக் காத்தது அன்பு ஆகுமா என்று மகள் கேட்டாள். ஆகாமல் இருக்கட்டும். இருநூறு வருடத்துக்கு மேலாக ஒருவரையும் எழுப்பாமல் அந்தப் பறவைகள் அங்கே இருக்கின்றன.

நடையை முடித்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனோம். பாலத்துக்கு இப்பால், பியேர்ஃபோனில், மச்சானோடு இருக்கிறார். எண்பத்தாறு வயது. மகள் நாரையின் படத்தையும் ஆமைகளையும் காட்டினாள். பிறகு, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மயில் படத்தையும் காட்டினாள். மாமிக்கு அதை அதுவரை ஒருவரும் காட்டவில்லை. அவர் மனம் நோகும் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தோம். அவரைக் கேட்காமல்தான்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை விரலால் பெருப்பிக்கச் சொன்னார். மயிலைப் பார்க்கவில்லை. மூலையைக் காட்டச் சொன்னார்.

"கிணத்துக் கட்டு தெரியுது. தூர்க்கேல்லை." நீண்ட நேரம் பார்த்தார். "கப்பி இல்லை. அது பித்தளைக் கப்பி."

"ஆச்சி, மயிலைப் பாத்தீங்களே?" என்றாள் மகள்.

"பாத்தன் பிள்ளை. நிக்கட்டும். பாம்பு பிடிக்கும். வளவு இப்ப பத்தையாத்தான் கிடக்கும்." என் பக்கம் திரும்பினார். "தம்பி, உறுதியின்ர நகல் உன்னட்டை ஒண்டு தந்தனான். கிடக்குதே?"

கிடந்தது. 1996இல் தந்தார். எங்கே வைத்தேன் என்றுதான் உடனே நினைவு வரவில்லை. பாஸ்போட் வைத்திருக்கிற பெட்டிக்குள் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில், வீட்டுக்குப் போனதும் தேடிவிட்டு இரவே தொலைபேசி எடுக்க வேண்டும் என்று விளங்கியது.

மகள் தன் தொப்பியை ஏரிக்கரையில் விட்டுவிட்டாள் என்று அப்போதுதான் நினைவு வந்தது. காற்றுக்குக் கல்லொன்றை மேலே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மறுபடியும் பாலத்தைத் தாண்டிப் போனோம். பூங்காவுக்குத் திரும்புகிற தெருவில், அவள் திடீரென்று காரை ஓரமாக நிறுத்தினாள். நடுத் தெருவில் ஒரு ஆமை. காலையில் கண்ட சின்ன ஆமைகள் மாதிரி இல்லை. சுளகளவு ஓடு, பின்னால் முதலை மாதிரி முள்ளுவால். ஆங்கிலத்தில் இதற்குக் கடியாமை என்று பெயர், பிரெஞ்சில் பாம்பாமை. ஆனி மாதம் பெட்டைகள் தண்ணீரை விட்டு ஏறி, தெருவோரச் சரளையில் முட்டையிடப் போகுமாம். பெரும்பாலும் வருடாவருடம் அதே இடத்துக்கு. நடுவில் தெரு போட்டது அவைக்குக் கணக்கில்லை.

பின்னால் வந்த கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். மகள் கையைக் காட்டி அவரை மறித்துவிட்டு, எங்கள் காரின் கால்மிதியை இழுத்தெடுத்தாள். வாலில் தூக்கக்கூடாது, முள்ளந்தண்டு முறிந்துவிடும் என்று எனக்குச் சொன்னாள். ஆமை சீறியது, கழுத்தை நீட்டிக் காற்றைக் கடித்தது. நான் ஏரிப் பக்கம் பார்த்தேன். தண்ணீர் கிட்டத்தில் இருந்தது. இழுத்துக்கொண்டுபோய் அங்கே விட்டால் பாதுகாப்பு என்று நினைத்துக் கால்மிதியை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"அந்தப் பக்கம் இல்லை, அப்பா," என்றாள். "அது போய்க்கொண்டிருந்த பக்கம்தான் விடவேணும். திருப்பிக் கொண்டுபோய் விட்டா, நாங்கள் போனாப்பிறகு திரும்பவும் வரும்."

இரண்டு பேரும் இரண்டு நுனியைப் பிடித்து, தெருவின் மற்றப் பக்கத்துச் சரளை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனோம். காற்று கால்மிதியின் ஓரத்தை அடித்துக்கொண்டே இருந்தது. நல்ல பாரம்.